பாலத்தில் ஏன் ஊர்ந்தீர்கள், அத்தான்?

என் அன்புக்கும் கேலிக்கும் எப்போதும் உரிய இன்னாசி அத்தானுக்கு,

வாழ்நாளில் பாதியைக் கரம்பொன் தபால் கந்தோரில் கழித்தவள் நான். விலாசம் இல்லாத கடிதத்துக்கு என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் எழுதுகிறேன். நீங்கள் கண்மூடி ஐந்து வருசமாகிறது. உங்களிடம் நான் ஓயாமல் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? ஊரார் இதை வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். உங்கள் காரைப் பற்றி அவர்கள் பேசாத பேச்சா?

முதலில் எங்கள் புதினம். நானும் என் அக்கா, உங்கள் திரேசாவும் இப்போது யாழ்ப்பாணத்தில், கொய்யாத்தோட்டத்தில், ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். நீங்கள் போன அடுத்த வருசம் சண்டை மூண்டு தீவை விட்டு எல்லோரும் கிளம்பினார்கள். நாங்களும் இரண்டு பையும் அக்காவின் மாதா சொரூபமுமாகக் கிளம்பினோம். அன்றைக்குப் பூட்டிய பாதை, தீவிலிருந்து கடல் மேலால் பட்டணத்துப் பண்ணைக் கரைக்கு வருகிற பாதை, இன்னும் திறக்கவில்லை. உங்கள் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தப் போகவும் வழியில்லை. உங்கள் மொறிஸ் மைனர் கொட்டிலுக்குள் அப்படியே நிற்கிறதோ, பின்சீற்றில் கோழி அடைகிடக்கிறதோ, ஒன்றும் தெரியாது. நின்றால் நல்லது. கோழி என்றாலும் நல்லதுதான்.

இங்குள்ள கார்களின் புதினத்தைக் கேட்டால் சிரிப்பீர்களோ, தலையில் அடித்துக்கொள்வீர்களோ? பெற்றோல் வருவதில்லை. ஆனாலும் கார்கள் ஓடுகின்றன. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளியைக் காட்டி எஞ்சினை எழுப்புகிறார்கள். அது முழித்துக்கொண்டதும் மண்ணெண்ணெயைக் கொடுத்து ஏமாற்றிவிடுகிறார்கள். ஒரு கார் போனால் தெரு முழுக்கக் குசினி மணக்கிறது. நிறுத்தினால் மறுபடி அந்த நாலு துளி வேண்டும் என்பதால், கலியாண வீட்டுக்கு வந்த கார்கூட வாசலில் இருமிக்கொண்டே நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் உங்கள் காருக்கு மண்ணெண்ணெய் பருக்கியிருப்பீர்களா? அல்லது அதைச் சாக்கால் மூடிவிட்டுச் சைக்கிளில் ஏறியிருப்பீர்களா? எனக்கு இரண்டையும் நினைத்துப் பார்க்க முடிகிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு மோட்டார்க் கம்பனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, முதலாளியின் காரைப் பந்தயத்தில் ஓட்டத் தொடங்கி, ஐம்பதைத் தாண்டியும் இளந்தாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற மனிதன் நீங்கள். தேயிலை மலைகளில் ஏற்றப் பந்தயம், விமான ஓடுபாதையில் சுற்றுப் பந்தயம் என்று நீங்கள் போகாத இடமில்லை. அப்படிப்பட்ட ஆள் தீவுக்கு வந்ததும் மாட்டுவண்டில்காரன் மணியடித்து வழி கேட்கிற வேகத்தில் கார் ஓட்டினால், ஏன் என்று ஒரு மச்சாள் கேட்கமாட்டாளா?

நான் உங்கள் ஓட்டத்தைக் கண்ணால் கண்டவள், அத்தான். தபால் பயிற்சிக்காகக் கொழும்பில் வந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வெயில் கொளுத்துகிறது. வளைவுகளில் எண்ணெய்ப் பீப்பாய்களும் வைக்கோல் கட்டுகளும் வைத்திருந்தார்கள். கார் விளக்குகளின் கண்ணாடியில் குறுக்கும் மறுக்கும் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அந்த எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் விடுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. புகை மூக்கில் பட்டதும் பள்ளிக்கூட விடுமுறையில் அம்மா பேதிக்குத் தந்த ஞாபகம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். திரும்ப வந்தீர்கள், திரும்பப் போனீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருமுறையும் அகப்படவில்லை.

அக்கா அன்றைக்கும் வரவில்லை. என்றைக்குமே வந்ததில்லை. நீங்கள் காரில் ஏறுகிற நேரத்துக்கு அவள் வீட்டில் முழந்தாளில் ஏறுவாள். பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி வந்து, "இன்னாசி பத்திரம்" என்று யாராவது வேலிக்கு மேலால் சொல்லும்வரை எழும்பமாட்டாள். நீங்கள் முதலாவதா கடைசியா என்று அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி, உங்கள் ஓட்டம் ஒன்றையாவது அவள் பார்க்கவில்லையே என்று உங்களுக்கு மனக்குறை இருந்ததா? இதையும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. வீடு போனது, நீங்கள் வேலை செய்த கராச் போனது, அலுமாரி நிறைய இருந்த வெற்றிக் கிண்ணங்களும் போயின. கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது உங்கள் இடுப்பில் இருந்த சாரம்கூட யாரோ தந்தது. கரம்பொனுக்கு வந்ததும் அக்கா உங்களை வீட்டுக்குள் விடவில்லை. நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் வந்தேன். அந்தோனியார் சொரூபத்தின் காலில் உங்கள் கையைப் பிடித்து வைத்தாள்.

"பட்டது காணும். இனி நீங்கள் வேகமாக் கார் விடுறேல்லை எண்டு இவருக்கு முன்னாலை சத்தியம் பண்ணுங்கோ. இனியும் என்னை முழந்தாளிலை வைக்காதேங்கோ."

நீங்கள் உடனே "ஓம், சத்தியம்" என்றீர்கள். எனக்கு அப்போது உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மிச்சமிருந்ததைத் திரட்டி அந்த மொறிஸ் மைனரை வாங்கினீர்கள். வேலணை, சுருவில் ஆட்களெல்லாம் பட்டணம் போக உங்கள் காரைத்தான் பிடித்தார்கள். பாதை திறக்கும், பூட்டும். திறந்திருக்கிற நாட்களில் ஓட்டம்தான். நானும் கிழமைக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் வருவேன். நான் வந்தால் அக்காவும் வருவாள், முன்சீற்றில். கலியாணம் செய்யாத மச்சாள் அத்தானின் காரில் தனியே போனால் எங்கள் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆகவே அக்கா இல்லாமல் நான் உங்கள் காரில் ஏறியதே கிடையாது. இதை ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு விளங்கும்.

கரம்பொனிலிருந்து வேலணை வரை கார் ஒரு மாதிரி, மற்றக் கார்களைப்போலத்தான் வரும். வேலணைச் சந்தியில் அக்கா செபமாலையை எடுத்து, சிலுவை வரைந்து பிதா சுதன் போடுவாள். அந்தக் கணமே காருக்குக் கால் முறிந்துவிடும். பின்சீற்றில் இருப்பவர்கள் எந்தச் சமயமானாலும் மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். சுருவில் புகையிலை வியாபாரி கணபதிப்பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறோடு, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று பாதி மந்திரத்தை எல்லாருக்கும் மேலால் உரத்துச் சொல்லுவார். முடிந்ததும் கையெடுத்து "அரோகரா" என்பார். ஐந்து தேவரகசியமும் முடியும், மாதா பிரார்த்தனை தொடங்கும். அது முடியும், உத்தரிக்கிற ஆத்துமாக்கள் வருவார்கள். அவர்களுக்குப் பிறகு கடலில் போனவர்கள், பிரயாணிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள். இரண்டு பக்கமும் கடல். பாலத்தில் எங்களைத் தாண்டிச் சைக்கிள்கள் போகும். ஒருநாள் மீன்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து சைக்கிளை மிதித்துக்கொண்டே, "என்ன இன்னாசியர், தள்ளிவிடட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏன் அத்தான் இப்படி என்று எத்தனை தரம் கேட்டேன்? "காபரேற்றர் சரியில்லை, றீற்றா. நீர் ஒரு நல்ல காபரேற்றர் தபாலிலை வந்தால் எனக்குச் சொல்லும்." இதுதான் எனக்குக் கிடைத்த பதில். அதை நம்பினேன். உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் பந்தியில் இருந்து உங்களைப் பற்றிக் கதைத்தபோதுதான் உங்கள் குட்டு வெளிப்பட்டது. கூட்டத்துக்குப் பிந்திப்போன தலைமையாசிரியருக்கு ரயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். சுவாமியாருக்கு ஆடுமாடு குறுக்கே வரும் என்று. சங்கக்கடை மனேச்சருக்குக் கண் மங்கல் என்று. ஒவ்வொருவரும் தனக்குச் சொன்னதுதான் மெய் என்று வாதாடினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, இந்த மனிதன் எதையோ மறைத்திருக்கிறார் என்று யோசித்தேன்.

அந்தப் பந்தியில்தான் அக்காவுக்கும் அடி விழுந்தது. அவள் பின்னால் கறிச்சட்டியோடு நிற்பது தெரியாமல் ஒருவர் சொன்னார்: "அந்தாளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஓடின குதிரையைச் செக்கிலை கட்டினால் கன காலம் இருக்குமே? மனுசி சத்தியம் வாங்கினதெல்லே."

அவள் சட்டியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் வாய்விட்டுச் செபம் சொல்வதில்லை, அத்தான். உதடு மட்டும் அசையும். இந்த ஐந்து வருசத்தில் எத்தனையோ தரம் என்னிடம் ஒரே கேள்விதான்: "எடி, அந்த மனுசன் என்னாலைதான் செத்ததோ? நான்தான் அவரைக் கட்டிப்போட்டனோ?" சாய்மனைக்கதிரையில் இருந்தபடி நெஞ்சு வலித்துப் போன மனிதனுக்கு நீ என்ன செய்தாய் என்று நான் சொல்லுவேன். அவள் தலையாட்டுவாள். ஆனால் நம்பியதில்லை. சாப்பிடுவது கொறிப்புத்தான். சீனி வருத்தத்துக்கான மருந்தை நான் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் குடிக்கச் செய்கிறேன். தன்னைத் தானே தண்டிக்கிற மனிசியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இப்படி இருக்கும்போதுதான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கணபதிப்பிள்ளையைக் கண்டேன். அவரும் இடம்பெயர்ந்து இங்கேதான். புகையிலை வியாபாரம் போய், இப்போது வெங்காயம். திருநீறு மட்டும் குறையவில்லை. பேச்சு உங்களில் வந்து நின்றது.

"இன்னாசி அண்ணைக்குப் பிறகு அப்பிடிக் கார் விட ஒருத்தன் இல்லை, தங்கச்சி. என்ன ஓட்டம்! கண்ணாலை தண்ணி வரும்."

"உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. எங்கடை அத்தானை மாட்டுவண்டில் எல்லே முந்திப்போறது."

மனுசன் வெங்காயத்தை நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஓ... நீர் எப்பவும் அக்காவோடை எல்லே வாறனீர். அக்கா இல்லாட்டி அது வேறை கார், தங்கச்சி. உமக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது, அத்தான். தீவில் அரைவாசிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரே வளவில் இருந்த எனக்குத் தெரியாது. அவர்களும் அக்காவின் காதில் விழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சொல்லுங்கள், எப்படி இருந்திருக்கும் எனக்கு? சந்தை நடுவில் நின்று கோபம் கோபமாக வந்தது. அந்தோனியாரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்தவர் நீங்கள்தானே?

"அப்ப அக்கா ஏறினால் மட்டும் ஏன் கார் நொண்டினது? சத்தியத்துக்குப் பயமோ?"

"நானும் ஒருக்காக் கேட்டனான். 'கணபதிப்பிள்ளை, அவ வேலணைச் சந்தியிலை செபம் துவங்குவா. பண்ணை வரமுந்தி முடிக்கவேணும். நடுவிலை வெட்டினால் அண்டு முழுக்க அவவுக்கு மனம் ஆறாது. முந்தி செபமாலையோடை முடிச்சவ. இப்ப பிராத்தனையைச் சேர்த்திட்டா, ஆத்துமாக்களையும் சேர்த்திட்டா. நான் என்ன செய்ய, காலை எடுக்கவேண்டியதுதான்' எண்டார்."

வெங்காயத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அக்கா முற்றத்தில் இருந்து பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தாள். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அக்கா, பாலத்திலை உன்ரை செபம் ஏன் அவ்வளவு நீளமாப் போனது?"

"நான் எங்கை நீட்டினனான்? அந்தாள் எல்லே ஊர்ந்தது. செபமாலையைச் சொல்லி முடிச்சிட்டுப் பாத்தால் மண்டைதீவுச் சந்திகூட வரேல்லை. ரெண்டு பக்கமும் தண்ணி. சும்மா வாயைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே? அதுதான் பிராத்தனையைச் சேர்த்தனான். பிறகு அதுவும் காணேல்லை."

நான் கிணற்றடிக்குப் போய்ச் சிரித்தேன். வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோகச் சிரித்தேன். நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று அவள் செபத்தைக் கூட்டியிருக்கிறாள். அவள் செபத்தைக் கூட்டுகிறாள் என்று நீங்கள் இன்னும் மெதுவாகப் போயிருக்கிறீர்கள். அதனால் அவள் இன்னும் கூட்டியிருக்கிறாள். ஆறு வருசமாக ஒரே சீற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல்! இன்னும் சில வருசம் இருந்திருந்தால் அந்தக் கார் பாலத்தில் பின்பக்கமாக ஓடத் தொடங்கியிருக்கும். பின்சீற்றில் இருந்த எங்களைப்பற்றி யாராவது யோசித்தீர்களா?

சிரித்து முடிந்ததும்தான் பயம் பிடித்தது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நீங்கள் சத்தியத்தை முறித்தது வெளியில் வரும். அதோடு, அவள் பயந்த விசயமே உண்மையாகிவிடும்: அவளால்தான் நீங்கள் ஊர்ந்தீர்கள், அவள் இல்லாதபோதுதான் நீங்கள் நீங்களாக இருந்தீர்கள் என்று. சொல்லாமல் விட்டால் அவள் இப்படியே செக்கையும் குதிரையையும் நினைத்து நினைத்துக் கரைவாள். உங்களிடம் உத்தரவு கேட்க வழி இருந்தால் கேட்டிருப்பேன். சொல்லட்டுமா, விடட்டுமா என்று உங்கள் படத்துக்கு முன்னால் நின்றும் பார்த்தேன். நீங்கள் வழக்கம்போலக் காபரேற்றர் பதில்தான் தந்தீர்கள்.

கடைசியில் சொன்னேன். எனக்கு எதையும் வாய்க்குள் வைத்திருக்க ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

அவள் கிழங்கைக் கிழித்து முடித்தாள். தும்பைக் கூட்டி அள்ளினாள். கையைக் கழுவினாள்.

"அந்தோனியாரின்ரை காலிலை கை வைச்ச மனுசன்," என்றாள். பிறகு, "அந்தக் கணபதிப்பிள்ளையை இங்கை வரச்சொல்லு."

அவர் அடுத்த நாள் காலையிலேயே வந்தார். வழக்குக்கு வந்த சாட்சிபோலக் கதிரையின் நுனியில் இருந்தார். அக்கா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"ஒண்டையும் மறைக்காமல் சொல்லவேணும். என்ன வேகத்திலை விட்டவர்?"

மனுசன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அண்டைக்கு நீங்கள் ஊர்காவற்றுறைக் கோயிலுக்குப் போயிருந்தியள், அக்கா. நான் புகையிலைச் சிப்பத்தோடை உங்கடை படலையிலை நிக்கிறன். யாழ்ப்பாணத்திலை ரயில் கோச்சி வெளிக்கிடப்போகுது. விட்டால் சரக்குப் பழுது. இன்னாசி அண்ணை என்னைப் பாத்தார், றோட்டைப் பாத்தார். பிறகு செருப்பைக் கழட்டிக் கொட்டிலுக்கை வைச்சிட்டு ஏறினார்."

"வெறுங்காலோடையோ?"

"வெறுங்காலோடை. வேலணை எப்ப போனதெண்டு எனக்குத் தெரியாது. சந்தியிலை ஒரு ஆட்டுக்குட்டி. பிறேக் போடேல்லை அக்கா, காரை ஒரு பக்கத்தாலை சரிச்சு எடுத்தார். குட்டி நிண்ட இடத்திலையே நிக்குது, சிப்பம் என்ரை மடியிலை. நான் கண்ணை மூடியிட்டன். 'சும்மா இருக்காதையும் கணபதிப்பிள்ளை, திரேசா இல்லை, நீர்தான் செபத்தைச் சொல்லவேணும்' எண்டார்."

"நீர் சொன்னனீரோ?"

"சொல்லாமல்? உயிர் எல்லே! அருள்நிறைந்த மரியே எண்டு துவங்கினனான். பத்துச் சொல்லியிருக்கமாட்டன். பண்ணை வந்திட்டுது."

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழும்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அத்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கி, அடக்க முடியாமல், கண்ணால் தண்ணீர் வழிய. அந்தச் சிரிப்பைக் கேட்டு நான்தான் அழுதேன்.

பிறகு கேள்வி மேல் கேள்வி. எந்த வளைவில் எப்படித் திருப்பினார், எதிரே பஸ் வந்ததா, ஹோர்ன் அடித்தாரா, கையை வெளியே போட்டாரா. உங்கள் பந்தயத்தை ஒரு நாளும் பார்க்காத மனிசி, முதலாவதா கடைசியா என்று ஒரு நாளும் கேட்காத மனிசி, அந்த ஓட்டம் முழுவதையும் முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கணபதிப்பிள்ளைக்கும் உசார் வந்துவிட்டது. இரண்டாம் தரம் சொன்னபோது ஆட்டுக்குட்டி மாட்டுக்கன்றாகிவிட்டது. நாங்கள் குறுக்கே பேசவில்லை.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவரின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

"நான் கண்ணை மூடியெல்லே இருந்தனான், அக்கா. இறங்கேக்கைதான் பாத்தனான்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தேரை இழுத்து இருப்புக்குக் கொண்டந்து விட்டிட்டு, வடத்தை விடுற ஆளின்ரை முகம் இருக்குமே, அப்பிடி."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எந்தக் கேள்விக்குப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கிற சாட்டில் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் கையால் என்னைத் தடுத்தாள்.

"என்னோடை வாற நாளிலை எப்பிடி இருந்தவர்? நான் செபமாலை மணியைப் பாத்துக்கொண்டு இருப்பன். முகத்தைப் பாக்கேல்லை."

"பின்சீற்றிலை இருந்து கண்ணாடியிலை நான் எத்தனை தரம் பாத்திருப்பன்," என்றார் கணபதிப்பிள்ளை. "அதே முகம்தான், அக்கா. அதிலை ஒரு வித்தியாசமும் நான் காணேல்லை. நீங்கள் செபத்தை முடிச்சு மாலையைச் சுருட்டுவியள். அவர் பண்ணையிலை காரை நிப்பாட்டுவார். அப்ப பாக்கவேணும்."

அவர் பொய் சொல்கிற ஆள்தான், அத்தான். வெங்காயத்திலும் சொல்லுவார், ஆட்டுக்குட்டியிலும் சொன்னார். ஆனால் இதைச் சொன்னபோது அவர் குரல் வேறு. எங்களுக்கு அது தெரிந்தது. எனக்கு விளங்காமல் இருந்ததும் அப்போதுதான் விளங்கியது. ஓடும்போதும் ஊரும்போதும் நீங்கள் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறீர்கள்: காலை எவ்வளவு மிதிப்பது, எவ்வளவு எடுப்பது என்று பார்த்துப் பார்த்து, ஒரு கணமும் பிசகாமல் கோட்டில் கொண்டுவந்து சேர்ப்பது. அக்காவின் கடைசி "ஆமென்" விழுகிற இடத்தில் காரை நிறுத்துவது எத்தனை கடினமான ஓட்டம் என்று பின்சீற்றில் கொட்டாவி விட்ட எனக்குத் தெரியவில்லை. சரியாகத்தான் சொல்கிறேனா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணபதிப்பிள்ளை போன பிறகு அக்கா மாதா சொரூபத்துக்கு முன்னால் போய் நின்றாள். "சத்தியத்தை மீறினது பிழைதான். அதை அந்தோனியாரோடை நான் கதைச்சுத் தீர்க்கிறன்" என்றாள். உங்கள் வழக்கு நல்ல கையில் இருக்கிறது, பயப்படாதீர்கள். அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மருந்தைத் தானே எடுத்துக் குடித்தாள். அதைப் பார்த்த துணிவில் நான் வாயைக் கொடுத்தேன்.

"அக்கா, அத்தான் உனக்காகத்தான் ஊருறார் எண்டு அப்பவே தெரிஞ்சிருந்தால், செபத்தைச் சுருக்கியிருப்பியே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் இளமைக் காலத்துப் பார்வை.

"போடி விசரி. இன்னும் ரெண்டு மன்றாட்டைக் கூட்டியிருப்பன்."

அத்தான், பாதை ஒருநாள் திறக்கத்தானே வேண்டும். திறக்கிற அன்றைக்கு ஒரு கார் பிடித்து, அக்காவை முன்சீற்றில் ஏற்றி, உங்கள் கல்லறைக்குக் கூட்டிவருவேன். சாரதி யாராக இருந்தாலும் ஏறமுதலே சொல்லிவைப்பேன்: பண்ணையில் இந்த அம்மா வாய்விட்டுச் செபம் தொடங்குவா, அவ முடிக்கும்வரை பாலம் முடியக்கூடாது. பின்சீற்றில் இருந்து மறுமொழி சொல்வது என் பொறுப்பு. இந்தமுறை கொட்டாவி விடமாட்டேன். இது உங்கள் மச்சாளின் சத்தியம். நான் அதை முறிப்பவள் இல்லை.

ஒரே வளவில் இருந்தும் உங்கள் ஓட்டத்தைக் கடைசியாக அறிந்துகொண்ட,
உங்கள் மனைவியின் தங்கை,
றீற்றா மச்சாள்